ஈர்க்கு தொட்ட இடம்

தெஹிவளை
2024 ஜூலை 3

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. புருஷன் போன துக்கத்துக்கு நீங்கள் அறைக்குள் இத்தா இருந்து முடிக்கும்வரை உங்கள் கைபோனை றஸ்னா மதினி தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாவாம். ஆம்பிளைக் குரல் காதில் விழுந்துவிடுமாம். நான் ஆம்பிளை இல்லை. ஆனாலும் என் பெயர் விழுந்தால் அவவே வெட்டிவிடுகிறா. ஆகவே தபால்காரன். அவன் ஆம்பிளைதான், அதை மதினி யோசிக்கவில்லை போல.

முதலில் ஒன்று. றஸாக் மச்சானின் ஜனாஸா வீட்டில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மச்சானை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்பே சொன்னேனே, அதற்கு மட்டும் கேட்கிறேன். மச்சான் ஆஸ்பத்திரிக் குளிசையை எறிந்துவிட்டு, தன் சொந்த ராத்தா றஸ்னா மதினியின் மகன் றினாஸ் விற்ற விற்றமின் தூளைக் கரைத்துக் குடித்தார். சீனி ஏறியது. காலில் இருந்த புண் அழுகியது. மனிதர் போய்விட்டார். இதை யார் எப்போது சொன்னாலும் உண்மைதான்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் மகள் ஸம்றா கிணற்றடியில் நின்று குசுகுசுவென்று எனக்குப் போனில் கோல் எடுத்தாள். நீங்கள் சுவரைப் பிடித்து நடக்கிறீர்களாம். தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவுகிறதாம். தொழுதுவிட்டு, எத்தனை றக்அத் தொழுதேன் என்று மகளிடம் கேட்கிறீர்களாம். வீட்டில் எல்லாரும் அதைக் கவலை என்கிறார்களாம். புருஷன் மௌத்தான பொம்பிளைக்கு நம்மூரில் வருவதெல்லாம் கவலைதான். வேறு வருத்தம் வர அவளுக்கு அனுமதி கிடையாது.

ராத்தா, நீங்கள் சீனிக்கு மெட்போமின் குடிக்கத் தொடங்கிப் பதினாலு வருஷம். நல்ல குளிசை, அதை நிறுத்தவே கூடாது. ஆனால் கனகாலம் குடிக்கிற சிலருக்கு, சாப்பாட்டில் இருக்கிற பி12 என்ற விற்றமின் உடம்பில் சேராமல் போகும். அது குறைந்தால் நரம்பு கெடும். கால் மரக்கும், நடை தள்ளாடும், மறதி வரும், நாக்கு எரியும். சீனியும் கால் நரம்பைக் கெடுக்கும்தான். எது எவ்வளவு கெடுத்தது என்று இரத்தம் பார்த்தால்தான் தெரியும். நான் வேலை செய்கிற இரத்தப் பரிசோதனை லெப்பில் நாள் முழுக்க ஊரார் இரத்தத்தைப் பார்க்கிறேன். என் ராத்தாவின் இரத்தம் மட்டும் யாரும் பார்க்காமல் கிடக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு எடுக்கச் சொல்லுங்கள். காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஸம்றா ஒவ்வொரு விரலாக ஈர்க்கு முனையால் மெதுவாகத் தொடட்டும். தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு விரல் தெரியாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு, வாய் நீண்ட தங்கச்சி
ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2024 ஜூலை 11

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். கச்சான் காற்று அடிக்கிறது. யன்னலை மூடி வைத்திருந்தும் பாயெல்லாம் மணல்.

நீ சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தூளைக் கரைத்துக் கொடுத்த கை என் கை. காலையில் ஒன்று, மஃரிபுக்குப் பிறகு ஒன்று. இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும் என்று றினாஸ் சொன்னான், விரலை வைத்துப் பார்த்துக் கரைத்தேன். நீ றினாஸைக் குறிவைத்துத்தான் கத்தினாய். வீடு நிறைய இருந்த பொம்பிளைகள் என் பக்கம் கிறுகி என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கு விற்றமின் மனிசனைக் கொன்றது என்றாய். இன்றைக்கு எனக்கு விற்றமின் குறைவு என்கிறாய். இதை மதினிக்கு வாசித்துக் காட்டினால் றினாஸின் டின் ஒன்றை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவா.

அவவும் நீ நினைக்கிற அளவுக்குக் கெட்டவ இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவ. நேற்றுக் காலை கஞ்சி கொண்டுவந்து நின்றா, ஒரு காலில்தான் செருப்பு. மற்றது முற்றத்தில் கிடந்தது. ஸம்றா காட்டின பிறகுதான் குனிந்து பார்த்தா. "மௌத்து வீட்டுக்கு வாறவளுக்கு ரெண்டு செருப்பு என்னத்துக்குகா?" என்றா. அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல். அவவுக்கும் சீனிதானே. வெளியே தூளின் பெருமை பேசுவா. மருமகன் ஸப்ரி கிளினிக்கில் எனக்குக் குளிசை எடுக்கப் போகும்போது தன் பெயர் எழுதின காட் மட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவா. றினாஸுக்குச் சொல்லக் கூடாதாம்.

ஈர்க்கு வைத்துப் பார்த்தோம். எல்லா விரலும் தெரிந்தது. இனி இதைப் பற்றி எழுதாதே. நான்கு மாதமும் பத்து நாளும் இந்த அறையை விட்டு வெளியே காலெடுத்து வைக்காமல் இருந்து முடிப்பேன். அதற்குப் பிறகு நீ சொல்கிற இடத்துக்கெல்லாம் வருகிறேன்.

துஆவுடன்,
ராத்தா

நாக்கு எரியும் என்று எழுதியிருந்தாயே. உறைப்புத் தின்னாமலும் எரியுமா?


தெஹிவளை
2024 ஜூலை 17

ராத்தாவுக்கு,

எரியும். உறைப்புத் தின்னாமலும் எரியும். உங்கள் கடிதத்தில் நான் நம்புவது அந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

உங்கள் கையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தத் தூளில் விற்றமின் இருந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. இருந்திருந்தாலும் விற்றமின் சீனியைக் குறைக்காது. குளிசையின் வேலையைக் குளிசைதான் செய்யும், விற்றமினின் வேலையை விற்றமின்தான் செய்யும். ஒன்றுக்கு மற்றதை விற்கிறவன் கள்ளன். அதற்காக விற்றமின் தேவைப்படுகிற உடம்புக்கு அதைக் கொடுக்காமல் விடுகிறவர்கள் நல்லவர்களாகிவிட மாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். கிளினிக்கில் ஒரு டொக்டர் உங்கள் காலைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்தது எப்போது? இத்தாவுக்கு முன்பும் ஸப்ரிதானே போனார், அதற்கு முன்பு மச்சான்தானே போனார்? வரிசையில் ஆம்பிளை நிற்கிறார், காட்டை நீட்டுகிறார், பை நிறையக் குளிசை வருகிறது. பொம்பிளை வீட்டில், வருத்தம் காட்டில். பதினாலு வருஷமாக அங்கே வைத்தியம் நடந்தது ஒரு மட்டைத் துண்டுக்கு.

மருந்தெடுக்க இத்தாவில் இருக்கிறவ வெளியே போகலாம். இங்கே ஒரு மௌலவியிடம் கேட்டேன், தாடியைக்கூடத் தடவாமல் உடனே சொன்னார். உங்கள் தெருவுக்கு மட்டும் வேறு மார்க்கம் இறங்கியிருக்கிறது. சரி, தெருவோடு சண்டை பிடிக்க உங்களை இப்போது கூப்பிடவில்லை. எங்கள் லெப்பின் கிளை கல்முனை டவுனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பார்கள். பொம்பிளை ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குழாயில் உங்கள் பெயரை ஒட்டி ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள், என் மேசைக்கே வரும். நீங்கள் கையை நீட்டினால் போதும்.

குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மறதியில் இரண்டு தரம் குடித்தும்விடாதீர்கள். ஸம்றாவே எடுத்துத் தரட்டும்.

எனக்கு இரவில் நித்திரை இல்லை. அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2024 ஜூலை 28

அன்புத் தங்கச்சிக்கு,

இரத்தம் எடுத்துவிட்டார்கள். இனி நிம்மதியாகத் தூங்கு.

பொம்பிளை வரவில்லை. அவவுக்குப் பிள்ளை சுகமில்லையாம். மீசை வைத்த ஒரு ஆள்தான் வந்தார். மதினி அவரைப் படலையிலேயே நிறுத்திவிட்டா. ஸப்ரி கெஞ்சி, பிறகு விறாந்தை வரைக்கும் விட்டா. அறை வாசலில் இரட்டையாகத் திரை கட்டி, இந்தப் பக்கம் கதிரை, அந்தப் பக்கம் கதிரை. திரைக்குக் கீழால் கை மட்டும். மதினி நடுவில் நின்று, "முழங்கைக்கு மேல துணி ஏறப்படா தம்பி" என்று அவருக்குப் பாடம் எடுத்தா. அவர் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே குத்தில் எடுத்துவிட்டார். நல்ல நரம்பு என்றும் சொன்னார்.

ஸம்றா சமைக்கிறாள். நான் பாயில் இருந்து யாசீன் ஓதுகிறேன். வேறு விசேஷம் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

துஆவுடன்,
ராத்தா


தெஹிவளை
2024 ஆகஸ்ட் 4

ராத்தா,

அறிக்கை என் முன்னால் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனி ஐந்து புள்ளி ஒன்று. பி12 தாராளம். சிறுநீரகம் கண்ணாடி போல.

முதலில் சந்தோஷம் வந்தது. கன்டீனில் போய் இரண்டு றோல்ஸ் வாங்கித் தின்றேன். திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்தேன். பதினாலு வருஷச் சீனி வருத்தக்காரியின் இரத்தம் இப்படி இருக்காது. மெசினில் பிழை இருக்கும் என்று மறுபடியும் ஓட்டினேன். அதே விடை. பிறகுதான் உங்கள் கடிதத்தில் இருந்த அந்த நரம்பு ஞாபகம் வந்தது. போன நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது உங்கள் கையில் நான் மூன்று இடத்தில் குத்தியும் இரத்தம் வரவில்லை. மீசைக்காரருக்கு ஒரே குத்தில் வந்ததா?

திரைக்குக் கீழால் நீண்டது ஸம்றாவின் கை.

உங்கள் மகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். திரை கட்டி மானத்தைக் காத்த மதினிக்கும் சொல்லுங்கள். உள்ளே யாருடைய கை என்று அவவுக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவவுக்கு இல்லை. கை ஆம்பிளைக்குத் தெரியாமல் இருந்தால் போதும், கைக்காரி செத்தாலும் பரவாயில்லை.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் கோபத்தை விடப் பயம்தான் கூட. நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கு அடி வாங்கினவ. இப்படிப் பொய் சொல்கிற அளவுக்கு அந்தக் காலில் என்ன இருக்கிறது?

அதை மட்டும் எழுதுங்கள்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2024 ஆகஸ்ட் 12

தங்கச்சி,

ஸம்றாவைக் கோபிக்காதே. நான்தான் அவளை இருத்தினேன். அவள் மாட்டேன் என்றாள். பெத்த உம்மா சொன்னால் பிள்ளை என்ன செய்யும்.

ஈர்க்கு வைத்தபோது எனக்கு ஒரு விரலும் தெரியவில்லை. அதையும் மறைக்கச் சொன்னேன்.

போன மாதக் கடைசியில், இரத்தம் எடுக்க வருவதற்கு முதல், ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு சாம்பிராணி போட்டார்கள். சட்டியை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஸம்றா அடுப்படிக்குப் போனாள். நான் ஓதிக்கொண்டிருந்தேன். ஒரு கருகல் மணம் வந்தது. தணலில் தலைமயிர் விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ஓதினேன். ஸம்றா வந்து கத்தினாள். என் இடது காலின் சின்ன விரல் சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காலை இழுத்தபோது தோல் சட்டியோடு போனது. அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அழுவதுதான் தெரிந்தது.

இரத்தம் பார்த்தால் நீ கால் பார்க்கச் சொல்லுவாய். கால் பார்த்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு முதலில் விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள், பிறகு முழங்கால் என்றார்கள். கடைசியில் கையெழுத்துக் கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஹுஸ்னியா, நீ அந்த அறையில் இருக்கவில்லை.

நான் அவருக்குக் கரைத்துக் கொடுத்தது என்ன என்று உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இந்த இத்தா ஒன்றையாவது குறையில்லாமல் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இது முடியட்டும். இன்னும் இரண்டு மாதம்தானே.

மதினி பச்சிலை அரைத்துக் கட்டிவிடுகிறா. கொஞ்சம் மணக்கிறது. சாம்பிராணி போட்டால் தெரியாது.

ராத்தா


தெஹிவளை
2024 ஆகஸ்ட் 16

ராத்தா,

தபாலை நம்பாமல் இதைக் கல்முனை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். காலையில் ஸப்ரி டிப்போவில் எடுப்பார்.

லீவு கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைதான் தருவார்கள். அந்தக் கால் ஞாயிறு வரைக்கும் பொறுக்குமா என்று எனக்குத் தெரியாது. மதினிக்குக் கோல் எடுத்தேன், வெட்டிவிட்டா. ஸம்றாவுக்கு எடுத்தேன், நீங்கள் போனைக் கையாலும் தொட மாட்டீர்களாம், "உம்மா ஓம் என்றால் போவோம் சாச்சி" என்கிறாள். ஸப்ரியிடம் கதைத்தேன், "மாமி சம்மதிச்சா இப்பவே ஓட்டோவக் கொண்டாறன்" என்கிறார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விரல் அழுகுவது மட்டும் யாருடைய சம்மதத்துக்கும் நிற்கவில்லை.

நீங்கள் மச்சானுக்கு எதைக் கொடுக்க இருக்கிறீர்கள்? அவர் போன அதே வழியில், அதே காலோடு போவதையா? அவர் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனார். பிந்திப் போனதால்தான் முழங்கால் வரைக்கும் கேட்டார்கள். நீங்கள் பயப்படுகிற கத்தி, நீங்கள் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். விரலோடு நிற்குமா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஜனாஸா வீட்டில் நான் சத்தம் போட்டது மச்சானுக்காக இல்லை. எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். அதைப் பார்த்துத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் இப்போதுதான்.

ஓம் என்று ஒரு சொல், ராத்தா. ஸப்ரி கடிதத்தோடு வாசலில் நிற்பார்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2024 செப்டம்பர் 2

என் தங்கச்சிக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை வார்ட்டில் வந்து நின்றபோது நான் காய்ச்சலில் ஏதேதோ புலம்பினேனாம். நீயும் இருக்க நேரமில்லாமல் போய்விட்டாய். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஸம்றா வாசித்தாள். எழும்பி ஹபாயாவைப் போட்டேன். மதினி வாசலை மறித்துக்கொண்டு நின்றா.

"என்ட தம்பிட இத்தாவ நடுவுல முறிச்சிப் போட்டுப் போறியாகா?"

"முறிக்கல்ல மதினி. காலக் காட்டிப் போட்டு வாறன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கு ரெண்டு காலும் இரிக்கி."

எனக்கு இப்படிக் கதைக்க வரும் என்று எனக்கே தெரியாது. உன்னுடைய வாய்தான் அது, எப்படியோ என்னிடம் வந்துவிட்டது.

தெருவில் வாசலுக்கு வாசல் பார்த்தார்கள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு வெயில் கண்ணில் குத்தியது. ஆஸ்பத்திரியில் ஓட்டோ நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் சீனிக் கிளினிக் வரிசை. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். பாதிக்குப் பாதி ஆம்பிளைகள், ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூன்று காட். நம் தெரு ஆட்கள் சிலர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். அவர்கள் கையில் இருந்தது யார் யாருடைய காட் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொம்பிளைகள் ஒருவரும் அங்கே இல்லை.

சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் பாதம் இல்லை என்று பொம்பிளை டொக்டர் சொன்னா. என் சொந்தக் கையில் இரத்தம் எடுத்தார்கள், நாலு இடத்தில் குத்தி. பி12 நீ சொன்னபடி அடியில் கிடந்தது. அதற்கு ஊசி தொடங்கியிருக்கிறார்கள். குளிசையை நிறுத்தவில்லை. மரப்பு மாறுமா என்று கேட்டேன். "விற்றமினால போனதுல கொஞ்சம் திரும்பலாம். சீனியால போனது கஷ்டம். முந்தி வந்திரிக்கணும்" என்றா. ஏசுகிற மாதிரி இல்லை. களைத்துப் போனவ மாதிரிச் சொன்னா. அவ பின்னால் இன்னும் எத்தனையோ கட்டில்.

திரும்பவும் அறைக்குள்தான் இருக்கிறேன். மிச்ச நாளையும் இருந்து முடிப்பேன், அதில் நீ தலையிடாதே. ஊசிக்குப் போவேன், வருவேன். அதில் வேறு யாரும் தலையிட வேண்டாம். நான் காலைக் கொடுத்து அவருக்குப் பட்ட கடனை அடைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன், இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் இருந்திருந்தால் முதல் ஆளாக ஓட்டோவைக் கூப்பிட்டிருப்பார். அவருக்கு அவருடைய காலைத்தான் கவனிக்கத் தெரியாது.

நேற்று அஸருக்குப் பிறகு மதினி வந்தா. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவ என்னோடு கதைக்கவில்லை. வந்து கதவைச் சாத்தினா. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். என் கைபோனைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் பாயில் வைத்தா. உன்னிடம் இதைக் கோல் எடுத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் சொல்ல வரவில்லை.

அவ எனக்கு முன்னால் இருந்து இரண்டு காலையும் நீட்டினா. குதிக்காலில் ஒரு வெடிப்பு, அதற்குள் நெருஞ்சி முள் ஒன்று முறிந்து கிடந்தது. சுற்றிக் கறுத்திருந்தது. அதோடுதான் நடந்து வந்திருக்கிறா.

"அந்த ஈர்க்க எடு புள்ள" என்றா. "ஒருத்தருக்கும் சொல்லாத. றினாஸுக்குச் சொல்லாத."

ஊசிக்குப் பயந்த சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டா. நான் ஈர்க்கை எடுத்துப் பெருவிரலில் தொட்டேன். அடுத்த விரல். அதற்கு அடுத்தது. வலது கால் முடிந்து இடது கால். உள்ளங்காலில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். அவ அசையவில்லை. நான் ஈர்க்கை மடியில் வைத்துவிட்டு அவ முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து, கண்ணைத் திறக்காமலே கேட்டா:

"என்ன புள்ள பாத்துக்கொண்டிரிக்காய்? தொடன்."

ராத்தா